கறுப்புச் சாவு உழைப்பவர் வாழ்வை எப்படி மாற்றியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக வரலாற்றின் திருப்புமுனைகள் என்றதும் போர்களும் புரட்சிகளும் கண்டுபிடிப்புகளுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. 1346 முதல் 1353 வரை மேற்கு ஆசியாவையும் வட ஆப்பிரிக்காவையும் ஐரோப்பாவையும் சூறையாடிய கொள்ளைநோயை எவரும் திட்டமிடவில்லை. அதில் வென்றவர் என்று எவரும் இல்லை. ஆயினும் நிலத்துக்கும் உழைப்புக்கும் இடையிலிருந்த பழைய கணக்கை அது கலைத்துப் போட்டது. அந்தக் கணக்கு எந்த நாட்டில் யாருக்குச் சாதகமாக மாறியது என்பதே கீழ்க்காணும் கேள்விகளின் மையம்.

கறுப்புச் சாவு என்பது எந்த நோய்?

அது பிளேக் நோய். எர்சினியா பெஸ்டிஸ் என்னும் பாக்டீரியா எலி முதலிய கொறிக்கும் பிராணிகளிடம் தங்கியிருந்து, அவற்றின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சிகளின் கடியால் மனிதரை வந்தடைகிறது. கடும் காய்ச்சலோடு கவட்டிலும் அக்குளிலும் கழுத்திலும் நெறி கட்டும். மருத்துவம் இல்லாத அக்காலத்தில் நோயுற்றவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் சில நாட்களிலேயே இறந்தனர். நோய் நுரையீரலைப் பிடித்தால் இருமல் வழியாக ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரடியாகப் பரவும். அவ்வகையில் பிழைத்தவர் அரிது. போப்பின் மருத்துவராக இன்றைய பிரான்சின் அவிஞோனில் இருந்த கீ டெ ஷோலியாக், ஊரை விட்டு ஓடாமல் தங்கி, தாமும் நோயுற்றுப் பிழைத்து, இந்த இரு வகைகளையும் தெளிவாகப் பிரித்து எழுதி வைத்தார்.

இது பிளேக் தானா என்பதில் ஆய்வாளர்களிடையே நெடுநாள் ஐயம் இருந்தது. லண்டனின் கிழக்கு ஸ்மித்ஃபீல்டு இடுகாட்டில் அந்த ஆண்டுகளில் புதைக்கப்பட்டவர்களின் பற்களிலிருந்து இந்தப் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை 2011இல் மீட்டெடுத்த பிறகு அந்த ஐயம் நீங்கியது. இவ்வளவு வேகமான பரவலுக்கு எலிகளின் பூச்சிகள் மட்டுமே காரணமா, மனிதரின் உடலிலும் உடையிலும் வாழும் பேன்களும் பூச்சிகளும் துணை செய்தனவா என்ற விவாதம் மட்டும் தொடர்கிறது.

நோய் எங்கிருந்து வந்தது?

இன்றைய கிர்கிஸ்தானில் உள்ள இசிக்-குல் ஏரிக்கு அருகில், 1338, 1339 ஆகிய ஆண்டுகளில் வழக்கத்தைவிட மிகுதியாகக் கல்லறைகள் எழுந்தன. அவற்றுள் சிலவற்றில் இறந்தவர் கொள்ளைநோயால் மாண்டார் என்று சிரியாக் மொழியில் பொறிக்கப்பட்டுள்ளது. அங்குப் புதைக்கப்பட்டோரின் எச்சங்களில் பிளேக் கிருமியின் தடயம் இருந்ததை 2022இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அங்கிருந்து வணிகப் பாதைகள் வழியாக நோய் மேற்கே நகர்ந்து, 1346இல் கருங்கடல் கரையில் ஜெனோவா வணிகர்களின் கோட்டை நகரமான காஃபாவை முற்றுகையிட்டிருந்த மங்கோலியப் படையைத் தாக்கியது.

மங்கோலியர்கள் பிணங்களைக் கவண்பொறியில் வைத்து நகருக்குள் வீசினார்கள் என்ற கதையைப் பலரும் படித்திருக்கலாம். அதை எழுதிய கேப்ரியேல் தெ முசி அப்போது இத்தாலியின் பியாசென்சா நகரில் இருந்தவர். நேரில் கண்டவர் அல்லர். பிணம் வீசப்பட்டதோ இல்லையோ, எலிகள் கோட்டைக்குள் நுழையவும் சரக்குக் கப்பல்களில் ஏறவும் யாருடைய உதவியும் தேவைப்பட்டிருக்காது. 1347இல் கான்ஸ்டான்டினோபிளையும் அலெக்சாந்திரியாவையும் அடைந்த நோய், அதே ஆண்டு அக்டோபரில் சிசிலியின் மெசினா துறைமுகத்துக்கும், 1348 கோடையில் இங்கிலாந்தின் தென்கரைக்கும், 1349இல் நார்வேக்கும், 1350களின் தொடக்கத்தில் ரஷ்ய நகரங்களுக்கும் வந்து சேர்ந்தது.

எத்தனை பேர் இறந்தனர்?

ஐரோப்பாவின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இறந்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. இங்கிலாந்தில் நோய்க்கு முன் ஏறத்தாழ 50 லட்சம் பேர் வாழ்ந்ததாகக் கருதப்படுகிறது. 1377ஆம் ஆண்டின் தலைவரிப் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டால் அப்போது எஞ்சியிருந்தோர் சுமார் 25 லட்சம். இடையில் 1361இல் மீண்டும் வந்து குழந்தைகளை மிகுதியாகக் கொண்டுசென்ற அலையையும், அதன் பின்வந்த அலைகளையும் இந்தச் சரிவு உள்ளடக்கியது. ஒருமுறை வந்து போன நோயாக இருந்திருந்தால் இரண்டு தலைமுறைகளில் மக்கள்தொகை மீண்டிருக்கும். திரும்பத் திரும்ப வந்ததனால்தான் விளைவுகள் நூறாண்டுக்கு மேல் நீடித்தன.

இழப்பு எங்கும் ஒரே அளவில் இருக்கவில்லை. ஏரிப் படிவுகளில் உள்ள மகரந்தத் தூளைக் கொண்டு பயிரிட்ட நிலத்தின் பரப்பை ஆராய்ந்த அண்மைக்கால ஆய்வு, சில வட்டாரங்களில் வேளாண்மை அடியோடு சுருங்கியதையும், வேறு சிலவற்றில் அது தடையின்றித் தொடர்ந்ததையும் காட்டியுள்ளது. இத்தாலியின் சியெனா மிக மோசமாகத் தாக்கப்பட்ட நகரங்களில் ஒன்று. தம் ஐந்து பிள்ளைகளையும் தம் கைகளாலேயே புதைத்ததாக அந்நகரத்தின் ஆன்யோலோ தி தூரா எழுதி வைத்திருக்கிறார். கிறித்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயங்களுள் ஒன்றாக விரிவாக்கத் தொடங்கிய பேராலயப் பணி அங்கே நின்றுபோனது; முடிக்கப்படாத அந்தச் சுவர்களை இன்றும் காணலாம்.

நோய்க்கு முன் உழைப்பவர்களின் நிலை என்ன?

இதைப் புரிந்துகொள்ளாமல் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இயலாது. 1300 அளவில் மேற்கு ஐரோப்பாவில் ஆட்கள் மிகுதி, நிலம் குறைவு. குடும்பங்கள் துண்டு நிலங்களை நம்பி வாழ்ந்தன. குத்தகை உயர்ந்தும் கூலி தாழ்ந்தும் இருந்தன. 1315 முதல் 1317 வரை விடாமழையால் பயிர்கள் அழுகி வட ஐரோப்பா முழுவதும் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. இங்கிலாந்தின் குடியானவர்களில் பெரும்பகுதியினர் பண்ணையடிமைகளாக இருந்தனர்: பிரபுவின் நிலத்தில் வாரத்தில் குறித்த நாட்கள் கூலியின்றி உழைக்க வேண்டும், அவர் ஒப்புதலின்றி ஊரை விட்டுப் போகக் கூடாது, மகளுக்கு மணம் முடிக்கவும் பணம் கட்ட வேண்டும். ஒருவர் மறுத்தால் அவர் இடத்துக்கு வரப் பத்துப் பேர் காத்திருந்ததால், பிரபுவுக்கு எந்தக் கவலையும் இல்லை.

கூலி உடனே உயர்ந்துவிட்டதா?

பணக்கூலி உடனே உயர்ந்தது. 1349 அறுவடையின்போதே ஆள் கிடைக்காமல் கதிர்கள் வயலில் உதிர்ந்தன. கிடைத்தவர்கள் இருமடங்கு கேட்டார்கள். அரசு காட்டிய வேகம் வியப்பானது. நோய் இன்னும் ஓயாத 1349 ஜூன் மாதத்திலேயே மூன்றாம் எட்வர்டு மன்னர் ஓர் ஆணை பிறப்பித்தார்: அறுபது வயதுக்குட்பட்ட, உடல் வலிமையுள்ள, சொந்தப் பிழைப்பு இல்லாத ஆணும் பெண்ணும் வேலைக்கு அழைத்தால் மறுக்கக் கூடாது, 1346இல் வழங்கிய கூலிக்கு மேல் கேட்கவோ கொடுக்கவோ கூடாது, உழைக்கத் தெம்புள்ள பிச்சைக்காரருக்குப் பிச்சையிடுவதும் குற்றம். 1351இல் நாடாளுமன்றம் இதைச் சட்டமாக விரித்து, வைக்கோற்புல் உலர்த்துவோருக்கு நாளொன்றுக்கு 1 பென்னி, புல்வெளி அறுப்போருக்கு 5 பென்ஸ், கதிர் அறுப்போருக்கு ஆகஸ்டு முதல் வாரத்தில் 2 பென்ஸ், இரண்டாம் வாரத்தில் 3 பென்ஸ் என்று வகைப்படுத்தியது. மீறுவோரைப் பூட்ட ஊர்தோறும் தொழுமரம் அமைக்கவும் உத்தரவிட்டது. பிரான்சும் இன்றைய ஸ்பெயினின் ஒரு பகுதியான காஸ்தீலும் அதே 1351இல் இதுபோன்ற கூலிக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தன என்பதிலிருந்து, நிலமுடையோரின் அச்சம் எல்லை கடந்தது என்று தெரிகிறது.

ஆனால் உழைப்பவர்களின் கையில் உண்மையான வளம் சேர இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. விலைவாசியும் கூடவே ஏறியதால் முதல் சில பத்தாண்டுகளில் கூலி உயர்வு பெருமளவு கரைந்துபோனது. 1370களின் நடுப்பகுதியில் தானிய விலை இறங்கிய பிறகே வாங்கும் திறன் தெளிவாக உயரத் தொடங்கி, 15ஆம் நூற்றாண்டின் நடுவில் நூறாண்டுக்கு முன்பு இருந்ததைப் போல ஏறத்தாழ இருமடங்கை எட்டியது. நார்ஃபோக் மாவட்டத்தின் செட்ஜ்ஃபோர்டு பண்ணைக் கணக்குகளில், அறுவடை ஆட்களுக்குக் கொடுத்த உணவில் ரொட்டியின் பங்கு குறைந்து இறைச்சியின் பங்கு உயர்ந்துகொண்டே போவதைக் காணலாம். கணக்கு ஏடுகளில் இத்தகைய சாதாரண வரிகள் எனக்குப் பெரிய சாசனங்களைவிட நம்பகமாகத் தோன்றுகின்றன.

அந்தச் சட்டங்கள் பலித்தனவா?

ஓரளவுதான். ஆயிரக்கணக்கானோர் தண்டம் கட்டினர் என்பது உண்மை. ஆனால் சட்டத்தைக் கேட்டு வாங்கிய நிலமுடையோரே, அறுவடை நேரத்தில் அடுத்த பண்ணைக்கு ஆட்கள் போய்விடுவார்களே என்று பயந்து, கூலியைச் சட்டப்படி எழுதிவிட்டு, சாப்பாடு, துணி, தானியம் என்று மேற்படியாகக் கொடுத்தனர். 1363இல் கொண்டுவந்த உடைச் சட்டம் இன்னும் வேடிக்கையானது: ஏர் உழுவோர், வண்டியோட்டுவோர், ஆடு மேய்ப்போர் போன்றோர் முரட்டுக் கம்பளித் துணி தவிர வேறெதுவும் உடுத்தக் கூடாது என்று அது விதித்தது. அவர்கள் நல்ல துணி உடுத்தத் தொடங்கியிருக்காவிட்டால் இப்படியொரு சட்டத்துக்குத் தேவையே இருந்திருக்காது. ஓரிரு ஆண்டுகளில் அது நீக்கப்பட்டது.

1381 கிளர்ச்சிக்கும் கொள்ளைநோய்க்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் நேரடியானதன்று. வாழ்வு உயர வழி திறந்த பின் அதைச் சட்டத்தால் அடைக்க முயன்றதே மக்களின் சினத்துக்கு அடிப்படை. பிரான்சுடனான போர்ச் செலவுக்காக 1377இலிருந்து விதித்த தலைவரி அதன்மேல் எண்ணெய் ஊற்றியது. முதன்முறை தலைக்கு 4 பென்ஸ். மூன்றாம் முறை, 15 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் சராசரியாக 12 பென்ஸ். 1381 மே இறுதியில் எசெக்ஸில் வரி விசாரணைக்கு வந்த அதிகாரிகளை மக்கள் விரட்டினர்; கென்ட்டில் வாட் டைலர் தலைமையேற்றார். “ஆதாம் நிலம் கொத்தி, ஏவாள் நூல் நூற்றபோது பிரபு என்பவன் எங்கே இருந்தான்?” என்று ஜான் பால் என்ற பாதிரியார் கேட்ட கேள்வி அப்போது பரவியது. ஜூன் 13 அன்று லண்டனுக்குள் புகுந்தவர்கள் மன்னரின் சிற்றப்பாவான கான்ட் ஜானின் சவோய் மாளிகையை எரித்தனர். அடுத்த நாள் தலைமை ஆயரும் நிதியமைச்சரும் தலை வெட்டப்பட்டனர். கிராமங்களில் அவர்கள் தேடித் தேடி எரித்தது பண்ணை மன்றங்களின் ஏடுகளை. யார் அடிமை, யார் எத்தனை நாள் ஊழியம் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவற்றில்தான் எழுதியிருந்தது.

பதினான்கு வயது மன்னர் இரண்டாம் ரிச்சர்டு பண்ணையடிமை முறையை ஒழிப்பதாக வாக்களித்தார். ஜூன் 15 அன்று ஸ்மித்ஃபீல்டில் டைலர் கொல்லப்பட்டதும் சில வாரங்களில் வாக்குறுதி திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் தலைவரி கைவிடப்பட்டது. பிரபுக்கள் தங்கள் நிலத்தைத் தாங்களே ஊழியத்தால் பயிரிடுவதை விட்டுக் குத்தகைக்கு விடலாயினர். சிலர் ஆட்கள் அதிகம் தேவைப்படாத ஆடு வளர்ப்புக்கு மாறினர். 1500 அளவில், எந்தச் சட்டமும் ஒழிக்காமலேயே, பண்ணையடிமை முறை இங்கிலாந்தில் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

அப்படியானால் கொள்ளைநோயே அடிமை முறையை ஒழித்தது என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். ஆள் குறைந்தால் கூலி உயரும், கூலி உயர்ந்தால் உழைப்பவர் விடுதலை பெறுவர் என்பது இங்கிலாந்தை மட்டும் பார்த்துச் சொல்லும் முடிவு. அதே நோய் வேறு இடங்களில் நேர்மாறான விளைவுகளுக்கு இடம் கொடுத்தது.

எகிப்தை எடுத்துக்கொள்வோம். நைல் ஆற்றின் ஆண்டு வெள்ளத்தைக் கரைகளாலும் கால்வாய்களாலும் பாத்திகளில் தேக்கிப் பயிரிடும் முறை அங்கே பல ஆயிரம் ஆண்டுகளாக இருந்தது. நம் ஊர்களின் குடிமராமத்தைப் போல, ஆண்டுதோறும் ஏராளமானோர் கூடித் தூர் வாரிக் கரை உயர்த்தினால்தான் அது இயங்கும். மம்லூக் சுல்தான்களின் ஆட்சியில் நிலவருவாய் படைத்தலைவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அது வழிவழியாக வரும் சொத்து அன்று, அடிக்கடி கைமாறக் கூடியது. அவர்கள் கெய்ரோவில் வாழ்ந்தனர். ஊரில் பாதிப் பேர் இறந்த பின்னும் அதே வருவாயை எஞ்சியவர்களிடமிருந்து கறக்க முற்பட்டார்களே தவிர, தங்களிடம் நிலைக்காத நிலத்தின் கால்வாயைப் பராமரிக்க அவர்களுக்கு நாட்டம் இல்லை. குடியானவர்கள் தனித்தனியே பேரம் பேசவும் வழியில்லை. ஆகவே கரைகள் உடைந்தன, கால்வாய்கள் மேடிட்டன, மக்கள் ஊரை விட்டு ஓடினர், விளைச்சலும் வருவாயும் சரிந்தன. ஆள் குறைந்ததால் தலைக்கு நிலம் கூடியது என்ற இங்கிலாந்துக் கணக்கு இங்கே செல்லாது. ஆள் குறைந்ததால் நிலமே குறைந்தது.

ஜெர்மனியில் ஓடும் எல்பா ஆற்றுக்குக் கிழக்கே நடந்தது இன்னொரு வகை. மேற்கில் பண்ணையடிமை முறை தளர்ந்துகொண்டிருந்த காலத்தில், அங்கே அது இறுகத் தொடங்கியது. நகரங்கள் சிறியவை; தப்பியோடியவருக்குப் புகலிடம் குறைவு; அரசுகள் பிரபுக்களைச் சார்ந்திருந்தன; இன்று க்டான்ஸ்க் எனப்படும் டான்சிக் துறைமுகம் வழியாக மேற்குக்குத் தானியம் ஏற்றுமதி செய்வதில் நல்ல லாபம் இருந்தது. ஆள் பற்றாக்குறைக்கு அவர்கள் கண்ட தீர்வு, இருக்கும் ஆட்களைக் கட்டிப்போடுவது. போலந்தில் 1496இல் குடியானவர்கள் ஊரை விட்டுப் போவது கட்டுப்படுத்தப்பட்டது. 1520இல் வாரத்துக்கு ஒரு நாள் கட்டாய ஊழியம் சட்டமானது. ரஷ்யாவில் 1497ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, ஆண்டில் இரண்டு வாரங்களுக்கு மட்டுமே வெளியேறும் உரிமையை விட்டுவைத்தது. 1649ஆம் ஆண்டுத் தொகுப்பு அதையும் முற்றாகப் பறித்தது. நூற்றைம்பது முதல் முந்நூறு ஆண்டுகள் கழித்து நடந்த இவற்றைக் கொள்ளைநோயின் நேர் விளைவு என்று கூறுவது மிகையாகும். ஆனால் ஆள் பற்றாக்குறை தானாக விடுதலை தரும் என்ற எண்ணத்தை மறுக்க இவை போதும். இன்றைய ஸ்பெயினின் கட்டலோனியாவிலோ பிரபுக்கள் பிடியை இறுக்க, குடியானவர்கள் ஆயுதம் ஏந்த, 1486இல் குவாதலூப்பே என்ற இடத்தில் மன்னர் பெர்டினாண்டு அளித்த தீர்ப்பால்தான் அந்தப் பிடி தளர்ந்தது.

நோய்க்கு யார் மீது பழி சுமத்தப்பட்டது?

யூதர்கள் மீது. கிணறுகளில் அவர்கள் நஞ்சு கலந்தார்கள் என்று 1348 இலையுதிர் காலத்தில் சித்திரவதையின் மூலம் பெற்ற வாக்குமூலங்கள் ஊர் ஊராக அனுப்பப்பட்டன. ஸ்ட்ராஸ்பூர் நகரில் 1349 பிப்ரவரி 14 அன்று யூதர்கள் கூட்டமாக எரித்துக் கொல்லப்பட்டனர். அப்போது அந்நகருக்கு நோய் வந்து சேரவே இல்லை. அவர்களிடம் வாங்கிய கடன்கள் ரத்தாயின. அவர்களது பணம் பங்கிடப்பட்டது. யூதர்களும் மற்றவர்களைப் போலவே நோயால் இறக்கிறார்கள், யூதர்கள் வாழாத இடங்களிலும் நோய் இருக்கிறது என்று போப் ஆறாம் கிளமென்ட் 1348இலேயே எழுத்தில் சுட்டிக்காட்டியும் படுகொலைகள் நிற்கவில்லை. தப்பியவர்களில் பலர் கிழக்கே போலந்தை நோக்கிச் சென்றனர்.

திருச்சபையும் மருத்துவர்களும் எப்படி எதிர்கொண்டனர்?

பாரிஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1348 அக்டோபரில் மன்னருக்கு அளித்த அறிக்கையில், 1345 மார்ச்சில் சனியும் வியாழனும் செவ்வாயும் கும்பராசியில் கூடியதால் காற்று கெட்டதே காரணம் என்றனர். பாதிரியார்கள் நோயாளிகளின் அருகில் சென்றதால் பெருமளவில் இறந்தனர். பாத் அண்ட் வெல்ஸ் மறைமாவட்ட ஆயர் 1349 ஜனவரியில், பாதிரியார் கிடைக்காவிட்டால் சாதாரண மனிதரிடமோ, ஆண் எவரும் இல்லையெனில் ஒரு பெண்ணிடமோ கூடப் பாவமன்னிப்பு அறிக்கை செய்யலாம் என்று அறிவித்தார். இதிலிருந்து 1517இன் மதச் சீர்திருத்தத்துக்கு நேர்கோடு இழுப்போர் உண்டு. இடையில் 168 ஆண்டுகள் இருப்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நிலைத்த பயன் விளைந்தது நிர்வாகத் துறையில்தான். இன்று டுப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா நகரம் 1377 ஜூலையில், நோயுள்ள பகுதிகளிலிருந்து வருவோர் 30 நாட்கள் வெளியே தங்கிய பிறகே உள்ளே வரலாம் என்று விதித்தது; பின்னர் பல துறைமுகங்களில் அது 40 நாட்களாக நீண்டது. வெனிஸ் 1423இல் தனித்தீவொன்றில் பிளேக் நோயாளிகளுக்கென நிலையான மருத்துவமனை அமைத்தது.

பறவை அலகு போன்ற முகமூடி அணிந்த மருத்துவர்கள் அக்காலத்தவர்களா? பூனைகளைக் கொன்றதால்தான் நோய் பரவியதா?

இரண்டும் தவறு. அந்த உடை 17ஆம் நூற்றாண்டுக்குரியது. பூனைகளைக் கொல்லுமாறு போப் ஒன்பதாம் கிரகரி ஆணையிட்டதாக உலவும் செய்திக்கும் சான்று இல்லை. அவருடைய 1233ஆம் ஆண்டுக் கடிதத்தில் அப்படியொரு கட்டளை கிடையாது.

இந்தியாவுக்குக் கறுப்புச் சாவு வந்ததா?

உறுதியான சான்று எதுவுமில்லை. 1340களில் மதுரை சுல்தானகத்துக்கு வந்த மொராக்கோ பயணி இப்னு பதூதா, அந்நகரில் நோயுற்றவர்கள் இரண்டு மூன்று நாட்களிலேயே மடிந்த ஒரு கொள்ளைநோயை வர்ணித்துள்ளார். அவர் நெறி கட்டியதாகக் குறிப்பிடவில்லை. காலமும் காஃபா முற்றுகைக்கு முந்தியது. எனவே அதைக் கறுப்புச் சாவோடு சேர்க்க முடியாது. அதே இப்னு பதூதா 1348இல் சிரியாவிலும் எகிப்திலும் உண்மையான கறுப்புச் சாவை நேரில் கண்டார்.

இந்தியாவைப் பிளேக் பெருமளவில் தாக்கியது 1896இல், ஹாங்காங்கிலிருந்து பம்பாய் துறைமுகம் வழியாக. அடுத்த சில பத்தாண்டுகளில் நாடு முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோயம்புத்தூர்ப் பகுதியில் உள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் அக்காலத்தின் அடையாளங்கள். தெள்ளுப்பூச்சியின் பங்கை பால்-லூயி சிமோன் 1898இல் கண்டறிந்தது அன்றைய இந்திய மண்ணில், இன்று பாகிஸ்தானில் உள்ள கராச்சியில் செய்த சோதனையில்தான். ஆனால் ஆங்கில அரசு முதலில் கையிலெடுத்தது 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தை. பூனாவில் வீடு வீடாகப் புகுந்து படைவீரர்கள் நடத்திய சோதனைகள் மக்களைக் கொதிக்க வைத்தன. பிளேக் ஆணையர் ராண்டு அதே ஆண்டு ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். திலகர் தம் இதழில் எழுதியவற்றுக்காக அரசத் துரோகக் குற்றத்தில் சிறை சென்றார். எதிர்ப்பு வலுத்த பிறகு, கட்டாயச் சோதனைகளை அரசு படிப்படியாகத் தளர்த்திக்கொண்டது.